எழுந்து போகிறவர்கள்

ஜனவரி 9

சித்திக்கு,

போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டீர்கள். எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைக் கீழே வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும், மனசு வந்தால் திரும்ப எடுத்துப் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு நாம் பேசியது ஒரே ஒரு தடவை. அது எப்படி முடிந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியும். போன வருஷம் என் கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்பினேன். ஒரு பிரஷர் குக்கர் வந்தது, நீங்கள் வரவில்லை. குக்கர் நன்றாக இருக்கிறது. விசில்தான் கொஞ்சம் அதட்டலாக அடிக்கிறது, உங்களை மாதிரி.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு கத்துவார்கள் என்று சொல்ல முடியாது, கூப்பிட்டால் ஓட வேண்டும். முதல் மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே பெண். பதின்மூன்று வயது. வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவோம். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னிடம் தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால் பதில் வரும். "சாப்டியா?" "ம்." "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" "இருந்துச்சு."

ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் அங்கேயே பள்ளியில் சேர்க்கிறேன் என்கிறார் அவளுடைய பெரியம்மா. இவரைக் கேட்டால், "அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைக்கிறார். சித்தி, அவள் போகக்கூடாது. எனக்கு அவள் மேல் உயிர். குளித்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டே நடப்பாள், சுவரெல்லாம் தண்ணீர் தெறிக்கும். அந்தச் சுவரைக்கூடத் துடைக்க மனசு வருவதில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

ஊருக்கெல்லாம் நான் லைஃப் கோச். என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு சக்கரம் வரைந்து கொடுப்பேன். குடும்பம், உடம்பு, படிப்பு என்று பாகம் பாகமாகப் பிரித்திருக்கும், எதில் எவ்வளவு நிறைவோ அவ்வளவு வண்ணம் தீட்ட வேண்டும். சின்னவளுக்கும் ஒன்று கொடுத்தேன். "இந்த வீட்டுக்கு பத்துக்கு எத்தனை மார்க் குடுப்ப?" என்று கேட்டேன். "மைனஸ் போடலாமா?" என்றாள். சக்கரத்தில் வண்ணம் தீட்டவில்லை. ஓரமாக ஒரு ஆணி வரைந்து, பஞ்சர் என்று எழுதிக் கொடுத்தாள்.

அப்பாவைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போது உங்களுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதின்மூன்று. எப்படிச் சமாளித்தீர்கள்? சொல்லுங்கள்.

உங்கள் 
வக்கீல்

~

ஜனவரி 17

வக்கீலுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் பிரச்சினையைப் புரிந்துகொண்டேன். இனி நான் கேட்கும் கேள்விகளுக்கு நிதானமாக யோசித்துப் பதில் சொல்.

இந்தச் சூழ்நிலையில் உன் மனசு என்ன சொல்கிறது? ஐந்து வருஷம் கழித்து உன்னை நீ எங்கே பார்க்கிறாய்? உன்னைத் தடுப்பது எது?

எப்படி இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உன் அப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. டிரைவிங் ஸ்கூல் வாசலில் அவர் பெயர் போட்ட கார் நிற்கிறது. உள்ளே ஓட்டப் படிக்கிற எல் போர்டு பிள்ளைகள் வந்து காத்திருக்கிறார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. உனக்குப் போன் போட்டு, "நான் இப்ப என்ன பண்ணட்டும்?" என்று கேட்டேன். நீ ஒரு குரலில் பேசினாய் பார், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் பேசுவார்களே, அந்தக் குரல். "உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க நினைக்கறீங்க?" என்றாய். எனக்கு என்ன வேணும் என்று தெரிந்தால் நான் ஏன் உனக்குப் போன் போடப் போகிறேன்? நான் கூப்பிட்டது வீட்டுப் பெண்ணை. எடுத்துப் பேசியது உன் ஆபீஸ்.

ஸ்கூலை நானேதான் நடத்துகிறேன். நன்றாகவே நடக்கிறது. யாரும் சொல்லவில்லை, நானே முடிவு பண்ணினேன்.

சித்தி

அந்தச் சக்கரத்தில் ஆணி வரைந்தாளா? கெட்டிக்காரி. அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

~

ஜனவரி 26

சித்திக்கு,

நல்ல சூடு. வாங்கிக்கொண்டேன். இப்போது என் கட்சியையும் கேளுங்கள், எதற்கெடுத்தாலும் வாதாடுகிறேன் என்று எனக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது அப்பாதானே.

லைஃப் கோச் என்றால் வழி சொல்கிறவள் இல்லை. வழி சொல்கிறவர்களுக்கு மென்ட்டார் என்று வேறு பெயர் உண்டு. அவர்கள் அந்தப் பாதையில் தாங்களே போய் வந்தவர்கள், "இங்க பள்ளம், பாத்து வா" என்று சொல்லலாம். நான் அப்படியா? என்னிடம் ஹோட்டல் முதலாளி வருகிறார், பல் டாக்டர் வருகிறார். நான் ஹோட்டல் நடத்தியிருக்கிறேனா, யாருக்காவது பல் பிடுங்கியிருக்கிறேனா? கேள்விதான் கேட்க முடியும். பதிலை அவர்களே தேடி எடுப்பார்கள், அப்படி எடுத்தால்தான் கடைசிவரை கூட நிற்கும். எங்களுக்குப் பயிற்சியில் முதல் பாடமே, அறிவுரை நாக்கு நுனிக்கு வந்தாலும் விழுங்கு என்பதுதான்.

அன்றைக்கு நீங்கள் போன் செய்தபோது, புருஷனை இழந்தவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு என்ன தெரியும்? கல்யாணமே ஆகாதவள். ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து செத்தேன். தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கு அது ஆபீஸ் குரலாகக் கேட்டிருக்கிறது. அது அழாமல் இருப்பதற்கு நான் வைத்திருந்த குரல்.

போகட்டும். சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். அவளை நான் எதற்கும் நெருக்குவதில்லை. அவளும் அவள் அப்பாவும் சாப்பிட உட்கார்ந்தால், எடுத்து வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன், அவர்கள் முடித்த பிறகுதான் என் சாப்பாடு. டிவி முன்னால் அவள் வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து இடத்தைக் கொடுத்துவிடுவேன். அவர்கள் இரண்டு பேரும் ஏதாவது பேசிச் சிரித்தால் துணி மடிக்கிற சாக்கில் நகர்ந்துவிடுவேன். எட்டு மாதமாக இப்படித்தான். அம்மா இருந்த இடத்தில் நான் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டேன் என்று அவளுக்குத் தோன்றக்கூடாது இல்லையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று சொல்கிறேன். உங்களிடம் நான் பட்டதை அவள் என்னிடம் படக்கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன். நான் கூடத்துக்குள் வந்தாலே நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நானும் அப்பாவும் சாப்பிட்டால் நீங்கள் அடுப்படியை விட்டு வர மாட்டீர்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிடக்கூட உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று பதின்மூன்று வயதில் எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் பதினெட்டில் பெட்டியைக் கட்டினேன். பழசைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. இவளிடம் நான் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை என்று சொல்ல வந்தேன்.

வக்கீல்

~

பிப்ரவரி 2

வக்கீலே,

பிரேக்.

இது கைக்குக் கிடைத்த அன்றைக்கே, அவர்கள் இருவரும் சாப்பிட உட்காரும்போது நீயும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார். என்ன ஆனாலும் எழுந்திருக்காதே. ஏன் எதற்கு என்று என்னைக் கேள்வி கேட்காதே, உன்னையும் கேட்டுக்கொள்ளாதே. வெளியே ஒரு அம்மாள் ரிவர்ஸ் எடுக்கப் பயந்துகொண்டு நிற்கிறார், நான் போக வேண்டும். காரணம் நாளைக்கு எழுதுகிறேன்.

சித்தி

~

பிப்ரவரி 3

வக்கீலுக்கு,

எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஸ்கூல் காரில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். அதை மிதித்து மிதித்து, யாருடைய பஸ்ஸில் ஏறினாலும், ஆட்டோவில் போனாலும், எங்கள் கால் தரையைப் போட்டு அமுக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உன் கடிதத்தை நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். துணி மடிக்கிற சாக்கில் நகர்ந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் என் வலது கால் தரையை அமுக்கிவிட்டது.

அடிப் பைத்தியமே. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டா எழுந்து போனேன்?

உன் அம்மா இருந்த இடத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டேன் என்று உனக்குத் தோன்றக்கூடாதே என்று போனேன். அப்பாவும் பெண்ணும் சேர்ந்து சிரிக்கட்டும், நடுவில் நான் எதற்கு நந்தி மாதிரி என்று போனேன். நீ சாப்பிடுகிற சத்தம் அடுப்படிவரை கேட்கும். அப்பளம் மாதிரி எதையாவது நொறுக்கினால் இன்றைக்கு நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்படுவேன். உன் அப்பா எத்தனையோ தடவை, "நீயும் வந்து உக்காரேன்" என்றார். "சும்மா இருங்க, பிள்ளை கூச்சப்படும்" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். உனக்காகத்தான் எழுந்து போகிறேன் என்று உனக்குப் புரியும் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நீ அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு பெட்டி கட்டினாய் என்பது இந்தக் கடிதத்தில்தான் எனக்குத் தெரிகிறது. நேற்று பூராவும் எனக்குக் கை வேலை ஓடவில்லை. கியர் எது என்று ஒரு பையன் கேட்டதற்கு வைப்பரைக் காட்டினேன்.

நான் ஜெயித்தவள் இல்லை, வக்கீலே. எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாய் இல்லையா? சமாளிக்கவில்லை. கோட்டை விட்டேன். எந்த இடத்தில் விட்டேன் என்பது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது, அதைத்தான் தர முடியும். நீ இப்போது நிற்பது அதே இடம்.

டிரைவிங் படிக்கிற பிள்ளை ஓட்டும்போது நான் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். பேசக்கூட மாட்டேன், சில நாள் ஒரு மணி நேரமும் வாயே திறக்க மாட்டேன். ஆனால், உன் இஷ்டம்போல் ஓட்டு என்று சொல்லிக் காரை விட்டு இறங்கிப் போவேனா? பக்கத்து சீட்டில் ஆள் இருப்பது தெரிந்தால்தான் அது தைரியமாகத் திருப்பும். அதனால் நீ எதுவும் செய்ய வேண்டாம். கேள்வி கேட்காதே, சக்கரம் வரையாதே. உட்கார்ந்திரு, போதும்.

இன்னொன்று. புருஷனை இழந்தவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது உனக்குத் தெரியாதுதான். ஆனால் ஒரு ஆள் குறைந்துபோன அதே வீட்டில் மறுநாள் எப்படி எழுந்து பல் தேய்ப்பது, எப்படிச் சோறு இறங்கும், இதெல்லாம் உனக்குப் பதினொரு வயதிலேயே தெரியும். உன் அம்மா போன வீட்டில் இருந்தவள் நீ. பனிமூட்டத்தில் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டு போவோம். அந்த வழியில் எனக்கு முன்னால் போன வண்டி உலகத்திலேயே நீ ஒருத்திதான். உன்னைவிட எனக்கு ஒன்பது வயது கூட என்றாலும், அதில் நீதான் எனக்குப் பெரியவள். உன் மென்ட்டார் என்கிற வார்த்தை எனக்குத் தெரியாது அப்போது. தெரிந்திருந்தால், எனக்குக் கோச் வேண்டாம்மா, அது கொஞ்சம் கொடு என்று கேட்டிருப்பேன்.

உட்கார்ந்தாயா இல்லையா, எழுது.

சித்தி

~

பிப்ரவரி 20

சித்தி,

உட்கார்ந்தேன்.

முதல் நாள் தட்டோடு போய் உட்கார்ந்ததும் சின்னவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், "உங்க ரூம்ல ஃபேன் ஓடலையா?" என்றாள். ஓடுகிறது என்றேன். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், சாப்பிடக் கை வேண்டுமே என்று பிறகுதான் உறைத்தது. இவர் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி, பதினாறாவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு மாமியார் மருமகள் கதையைச் சொன்னார். கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் சண்டையை நிறுத்தவே இல்லையாம், கதவை மூடச் சொன்னார்களாம். எனக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. சின்னவள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம் டிவி முன்னாலும் அப்படியே இருந்தேன். நாலைந்து நாள் ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் என்னைப் பார்க்காமலே, "நீங்க ஏன் முன்னாடியெல்லாம் நான் வந்தா எழுந்து போவீங்க?" என்று கேட்டாள். அதே கேள்வி, சித்தி. நான் உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்வியை அந்தக் குழந்தை எட்டு மாதத்தில் கேட்டுவிட்டது. "உனக்கு தொந்தரவா இருக்கக்கூடாதுன்னுதான்" என்றேன். "லூசு மாதிரி" என்று சொல்லிவிட்டுச் சேனலை மாற்றினாள்.

உங்கள் கடிதத்தை எங்கே வைத்துப் படிப்பது என்று தெரியாமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டே படித்தேன். நான் நொறுக்கித் தின்னும் சத்தத்தை நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் சத்தமாகத் தின்றிருப்பேன்.

அம்மா போனபோது என்ன செய்தேன் என்று இப்போது சொல்கிறேன், தாமதம்தான். அம்மா உட்காரும் பக்கம் நான் உட்கார ஆரம்பித்தேன். அந்த நாற்காலி எதிரே காலியாகத் தெரிவதைவிட, அதில் நானே உட்கார்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் எனக்குச் சோறு இறங்கிய வழி. நீங்களும் அப்பா நாற்காலிக்கு மாறிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குக் கோபம் வரலாம். அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்கிறேன், ஆபீஸ் குரலில் இல்லை. அப்பா போன பிறகு எனக்குப் போன் செய்தீர்களே, உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது?

வக்கீல்

~

மார்ச் 8

வக்கீலுக்கு,

நாற்காலி மாறி உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நம் வீட்டு ஜன்னல் வழியே தெரு முனைவரை தெரிகிறது. உன் அப்பா சாப்பிடும்போதே, "இதோ ஒரு பொண்ணு லைசன்ஸுக்கு வருது" என்று எப்படிச் சொன்னார் என்று இத்தனை நாளும் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். சோறு இறங்கியது. கொஞ்சம் அழுகையும் இறங்கியது.

உன் கேள்விக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன். எடுத்து வைத்து எடுத்து வைத்து எழுதினேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது ஆன பிறகு ஒருத்தி, உனக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்கிறாள். யோசித்துப் பார்த்தால் இதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. என் வீட்டிலும் கேட்கவில்லை, உன் அப்பா நல்லவர், அவரும் கேட்டதில்லை, எல்லாம் அவராகவே செய்துவிடுவார். ஆக, நீ கேட்ட கேள்வி தப்பில்லை. கேட்ட நாள்தான் தப்பு. இந்த உன் தொழில் சும்மா இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

பதில் இதுதான். "சித்தி, கிளம்பி இங்க வாங்க" என்று நீ சொல்ல வேண்டும் என்று இருந்தது. நான் வந்திருக்க மாட்டேன். ஸ்கூல் இருக்கிறது, வீடு இருக்கிறது என்று ஆயிரம் சொல்லியிருப்பேன். ஆனாலும் நீ சொல்ல வேண்டும் என்று இருந்தது.

இங்கே எல்லாம் சௌகரியம்தான். பிள்ளைகள் வருகிறார்கள், பாஸ் பண்ணுகிறார்கள், இனிப்பு கொண்டுவந்து தருகிறார்கள். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு வந்தால், எழுந்து போவதற்குக்கூட வீட்டில் எனக்கு யாரும் இல்லை.

பெரியம்மா வந்தாரா? சின்னவள் என்ன சொன்னாள்? அதை உடனே எழுது. எனக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு உயிர் போகிறது.

சித்தி

~

ஏப்ரல் 14

சித்தி,

பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை வந்தார். காலிப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தார், சின்னவளின் துணிக்கு. நல்ல மனுஷி. தங்கை பெண் மாற்றாந்தாயிடம் என்ன பாடுபடுகிறதோ என்கிற தவிப்பு அவருக்கு, அவர் இடத்தில் நான் இருந்தாலும் பெட்டியோடுதான் வந்திருப்பேன்.

டீ கொடுத்தேன். டிவி முன்னால் கிடந்த நாற்காலியைப் பெரியம்மாவுக்கு இழுத்துப் போட்டு, எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். "என்னடா, கிளம்பலாமா?" என்று அவர் சின்னவளைக் கேட்டார். இவர் வழக்கம்போல டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் இருந்தால் அந்தக் குழந்தை எப்படி மனசைத் திறந்து பேசும், அது தன் இஷ்டப்படி சொல்லட்டும் என்று நினைத்தேன். நீங்கள் அவ்வளவு எழுதியும் பழக்கம் விடவில்லை, பாருங்கள். டீ டம்ளர்களை எடுக்கிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

"நீங்க எங்க போறீங்க?" என்றாள் சின்னவள். "உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

அப்புறம் அவள் பெரியம்மா பக்கம் திரும்பி, "லீவுக்கு வரேன் பெரியம்மா. ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி கொண்டுவந்து விட்டுடணும்" என்றாள். கணக்குப் பரீட்சை கஷ்டமாக இருந்தது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். பெரியம்மா என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது, துடைக்கவும் தோன்றவில்லை. அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். காலிப் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார், லீவுக்குத் துணி வைக்க ஆகுமே என்று.

அவர் போன பிறகு நைசாக, "இப்ப பத்துக்கு எத்தனை?" என்று சின்னவளைக் கேட்டேன். தெரியும், கேள்வி கேட்கக்கூடாது என்று சொன்னீர்கள். வாய் சும்மா இருக்கவில்லை. யோசித்துவிட்டு, "நாலு" என்றாள். "நாலுதானா?" என்றால், "மைனஸ்ல இருந்து வந்திருக்கு, பாருங்க" என்றாள்.

யாருக்கு இவ்வளவு கடிதம் எழுதுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். என் சித்திக்கு என்றேன். டிரைவிங் சொல்லித்தருபவர் என்றதும், "நிஜமாவா? அவங்க பக்கமும் பிரேக் இருக்குமா?" என்று கண்ணை விரித்தாள். இருக்கும் என்றேன். பஸ்ஸில் போனாலும் தரையைப் போட்டு அமுக்குவார் என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அதைப் பார்க்கத் தானும் உங்களோடு ஒரு தடவை பஸ்ஸில் போக வேண்டுமாம்.

சித்தி, கிளம்பி இங்கே வாருங்கள். ஸ்கூலை ஒரு வாரம் பூட்டி வையுங்கள். எல் போர்டு பிள்ளைகள் ஓடிவிட மாட்டார்கள். இது கேள்வி இல்லை, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்றும் நான் கேட்கப் போவதில்லை.

எங்கள் மேஜைக்கு நாலு நாற்காலி. நாங்கள் மூன்று பேர். நாலாவதில் எப்போதும் இஸ்திரி போடாத துணி குவிந்து கிடக்கும். இன்றைக்கு அதையெல்லாம் எடுத்துவிட்டேன்.

உங்கள் 
பெண்